கடதாசி விமானமும் ஒரு கட்டளை வாக்கியமும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



உரையைத் தொடங்குமுன் உங்களிடம் ஒரு சிறு உதவி கேட்கிறேன். பக்கத்தில் பழைய கொப்பி ஏதும் இருந்தால் ஒரு தாளைக் கிழித்துக்கொள்ளுங்கள். அதன் குறுகிய ஓரம் உங்கள் வயிற்றுப் பக்கம் இருக்கும்படி மேசையில் வையுங்கள். இடது ஓரத்தைத் தூக்கி வலது ஓரத்தின் மேல் சரியாகப் பொருத்தி அழுத்துங்கள். இனித் திறந்துவிடுங்கள். உங்களிடமிருந்து எதிர்ப்பக்கமாக ஓடுகின்ற ஒரு நடுக்கோடு தாளிலே விழுந்திருக்கும். அப்படி விழவில்லையென்றால் குற்றம் உங்களுடையதல்ல. அது யாருடையது என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

1992ஆம் ஆண்டு. பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பாதையில், 2,036 மீற்றர் உயர்ந்து நிற்கும் நமுனுகுல மலையைப் பார்த்தபடி இருந்த ஒரு தோட்டப் பாடசாலையில் நான் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நீண்ட ஒரே மண்டபம். வகுப்புகளுக்கு இடையிலே சுவர் கிடையாது; கரும்பலகைகள்தாம் சுவர். ஆடி மாதம் பிறந்தால் கச்சான் காற்று வந்துவிடும். ஊவாத் தேயிலைக்கு வாசம் தருகின்ற அந்த வறண்ட காற்று எங்கள் மண்டபத்தில் கொப்பித் தாள்களைப் பறக்க வைக்கும். பிள்ளைகள் விடுவார்களா? அவற்றை மடித்து ரொக்கெட் விடுவார்கள். ஐந்தாம் வகுப்பில் கிளம்பிய விமானம் எட்டாம் வகுப்பில் என் மூக்குக்கண்ணாடியில் வந்து இறங்கிய நாளும் உண்டு.

அடிப்பதற்குப் பதிலாக அதையே பாடமாக்கினால் என்ன என்று தோன்றியது. எட்டாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். "கடதாசி விமானம் செய்யும் முறையை எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றேன். மறுநாள் முப்பத்தொரு கட்டுரைகள் வந்தன. வாசித்துப் பார்த்தேன். இலக்கணப் பிழை சில இருந்தாலும் பொருள் நன்றாகவே விளங்கியது. பத்துக்கு ஏழு, எட்டு என்று புள்ளி போட்டுவிட்டேன்.

அங்கேதான் நான் சறுக்கினேன். எனக்குப் பொருள் விளங்கியதற்குக் காரணம், விமானம் மடிக்க எனக்கு ஏற்கனவே தெரியும் என்பதுதான். பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "சார், புள்ளி போட்டுட்டீங்க. ஆனா அது பறக்குமான்னு பாக்கலியே?" என்று கேட்டான். கேள்வி நியாயமானது. கட்டுரைகளை மாற்றிக் கொடுத்தேன். ஒருவன் எழுதியதை இன்னொருவன் வாசித்து, எழுதியபடியே மடிக்க வேண்டும். தனக்குத் தெரிந்த முறையை உள்ளே கொண்டுவரக்கூடாது. எழுதியவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாய் திறவாமல் பக்கத்தில் நிற்க வேண்டும். இதுதான் விதி.

நேயர்களே, அந்த அரைமணி நேரத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. முப்பத்தொரு தாள்களில் பறந்தது ஒன்றே ஒன்று. ஏனையவற்றுள் சில தொப்பியாயின, சில கடிதவுறையாயின. ஒன்று மட்டும் எந்தப் பெயருக்கும் அடங்காத ஒரு பொருளாகி மேசையில் கிடந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்ற பிள்ளைகள் பட்ட பாடு சொல்லி முடியாது. "ஐயோ அப்படி இல்லடா!" என்று ஒருத்தி அழவே தொடங்கிவிட்டாள்.

தடுக்கி விழுந்த இடங்களைக் கரும்பலகையில் எழுதினோம். "தாளை இரண்டாக மடிக்கவும்." எப்படி இரண்டாக? நீளத்திலா, அகலத்திலா? "மேல் மூலைகளை மடிக்கவும்." மேசையில் படுத்திருக்கும் தாளுக்கு மேல் ஏது, கீழ் ஏது? "வலப்பக்கம் மடிக்கவும்." எனக்கு வலமா, எதிரே நிற்பவனுக்கு வலமா? "மறுபக்கமும் அவ்வாறே." அவ்வாறே என்றால் தாளைப் புரட்டுவதா, புரட்டாமலா? ஒரு பையன் நான்கு வரி எழுதிவிட்டு, "பின்னர் வழமைபோல் மடித்து முடிக்கவும்" என்று முடித்திருந்தான். வழமை தெரிந்தவனுக்கு அந்தக் கட்டுரையே தேவையில்லை அல்லவா? இன்னொருத்தி செந்தமிழில், "தாளானது மடிக்கப்படுதல் வேண்டும்" என்று எழுதியிருந்தாள். யாரால் மடிக்கப்படுதல் வேண்டும் என்று வாசித்தவன் விழித்தான்.

பவணந்தி முனிவர் நன்னூலிலே நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்று வகுத்திருக்கிறார். குன்றக்கூறல், மிகைபடக்கூறல், மயங்கவைத்தல் என்றெல்லாம் நாம் பரீட்சைக்காக மனனம் செய்தவைதான். நானும் பல ஆண்டுகள் அவற்றை மனனம் செய்வித்தவன். அன்றுதான் அந்தக் குற்றங்களை முதன்முறையாகக் கண்ணால் பார்த்தேன். குன்றக்கூறல் தொப்பியாகக் கிடந்தது; மயங்கவைத்தல் கடிதவுறையாகக் கிடந்தது.

சரி, பறந்த அந்த ஒன்று யாருடையது? மிகவும் அமைதியான ஒரு பெண்பிள்ளை. கட்டுரையில் நான் பத்துக்கு ஐந்துதான் கொடுத்திருந்தேன். பேச்சுத் தமிழ் கலந்துவிட்டது என்று சிவப்பு மையால் குறித்தும் இருந்தேன். "எப்படியம்மா எழுதினாய்?" என்று கேட்டேன்.

"எங்க அப்பாயிக்கு வாசிச்சுக் காட்டினேன் சார்."

அப்பாயிக்கு எழுத்தே தெரியாது. நாற்பது வருடம் கொழுந்து பறித்த கை. விமானம் மடித்துப் பழக்கமும் இல்லை. பேத்தி ஒவ்வொரு வரியாக வாசிக்க, அப்பாயி அடுப்படியில் உட்கார்ந்து மடித்திருக்கிறார். அவர் தடுமாறிய இடத்தில் எல்லாம் பிள்ளை வரியை அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதியிருக்கிறாள். "மேல் மூலை" என்பது "ஜன்னல் பக்கத்து மூலை" ஆயிற்று. "கூராக மடிக்கவும்" என்பது "வெத்திலை மடிக்கிற மாதிரி" ஆயிற்று. எல்லாவற்றிலும் முக்கியம், ஒவ்வொரு மடிப்புக்கும் பிறகு, "இப்போது வீட்டு முகடு மாதிரித் தெரியும்" என்று ஒரு வரி. ஏன் அதை எழுதினாய் என்றேன். "அப்பாயி ஒவ்வொரு தடவையும் சரியா, சரியான்னு கேட்டுச்சு சார். நான் பக்கத்தில இல்லாட்டி யார்கிட்ட கேக்கும்?"

நான் பத்துக்கு ஐந்தை அடித்துவிட்டுப் பத்துக்குப் பத்து போட்டேன். உண்மையில் அதில் பாதி அப்பாயிக்குச் சேர வேண்டியது.

பின்னாளில் யப்பான் நாட்டு அக்கிரா யொஷிஸாவாவைப் பற்றி வாசித்தபோது அந்தப் பிள்ளையை நினைத்துக்கொண்டேன். தொழிற்சாலையொன்றில் வேலை செய்தபோது, இளைய தொழிலாளருக்குக் கேத்திர கணிதம் விளக்கக் காகித மடிப்பைப் பயன்படுத்தியவர் அவர். 1954இல் வெளியிட்ட தம் நூலில் புள்ளிக்கோடு, அம்புக்குறி முதலியவற்றைக் கொண்டு மடிப்பு முறைகளைக் காட்டினார். பிறர் அதை மேலும் திருத்தினார்கள். இன்று உலகத்தில் எந்த மொழிக்காரரும் எந்த நாட்டு மடிப்பு நூலையும் விரித்துவைத்து மடிக்க முடிகிறதென்றால் அடிப்படை அதுதான். கணினித் திரைகளை ஆராய்ந்த டென்மார்க்கில் பிறந்த ஜேக்கப் நீல்சன், ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான தடுமாற்றங்கள் தெரிந்துவிடும் என்று 2000ஆம் ஆண்டில் எழுதினார். எங்கள் பிள்ளைக்கு ஒரேயொரு அப்பாயி போதுமாக இருந்தது.

இது ஒரு வகுப்பறை வேடிக்கை என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் செய்முறை வாக்கியத்துக்கு நம் தோட்டப்புறத்தில் ஒரு நீண்ட வரலாறு உண்டு. துரைமாருக்குத் தமிழ் கற்பிக்க வெளிவந்த கைநூல்களை எண்ணிப் பாருங்கள். பெர்குசன் வெளியிட்ட கைநூலின் பெயரே "இங்கே வா". வெல்ஸ் என்பவர் 1915இல் வெளியிட்ட நூலின் பெயர் "கூலித் தமிழ்". தலைப்பிலேயே ஒன்று கட்டளை. மற்றது கட்டளைக்குக் கீழ்ப்படிகிறவனுக்கு வைத்த பெயர். வா, போ, வெட்டு, பறி, சுமந்து வா என்று மேலிருந்து கீழே வருகிற வினைமுற்றுகளே துரைக்குத் தேவைப்பட்ட தமிழ். விளங்கவில்லை என்று கீழிருந்து மேலே போவதற்கு அந்தத் தமிழில் இடம் குறைவு. விளங்காவிட்டால் கேட்டவன் மடையன், சொன்னவனுக்கு ஒன்றுமில்லை. பெரட்டுக் களத்திலே தொடங்கிய அந்தப் பழக்கம் பின்னர் வந்த அரசாங்கப் படிவங்களிலும் அறிவித்தல்களிலும் அப்படியே தொற்றிக்கொண்டது.

ஒரு சின்ன உதாரணம். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனிப் பொதி உங்களுக்குத் தெரியும். ஒரு பொதியை ஒரு லீட்டர் கொதித்தாறிய நீரில் கரைக்க வேண்டும். லயத்துக் காம்பராவில் லீட்டர் அளவுப் பாத்திரம் எங்கே இருக்கிறது? இருப்பது சாராயப் போத்தல். அது 750 மில்லிலீட்டர். போத்தல் என்றால் லீட்டர்தானே என்று கரைத்தால் கரைசல் தடித்துவிடும். பிள்ளைக்கு அது கூடாது. எங்கள் தோட்டத்து மருத்துவமாது ஒருவர் இதைக் கவனித்து, "ஒரு போத்தலும், அதற்கு மேல் போத்தலில் மூன்றில் ஒரு பங்கும்" என்று சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அவருக்கு யாரும் இலக்கியப் பரிசு கொடுக்கவில்லை.

இனி நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன்.

2014 அக்டோபர் 29, புதன்கிழமை. காலை ஏழரை மணியளவில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது, அகன்றுவிட வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது என்ற செய்தி பின்னர் வந்தபோது, பலரும் "சொன்னதைக் கேட்கவில்லையே" என்றார்கள். எனக்கு அந்தப் பேச்சு நெஞ்சில் தைத்தது. கொப்பித் தாளைத் தொப்பியாக மடித்தவனைப் பார்த்து, "சொன்னபடி செய்யவில்லையே" என்று நானும் ஒருநாள் சொல்லியிருப்பேன் அல்லவா?

அடுத்த ஆண்டு ஓர் அலுவலகத்திலிருந்து மண்சரிவு பற்றிய அறிவித்தல் ஒன்றை என்னிடம் தந்து, தமிழைத் திருத்தித் தரும்படி கேட்டார்கள். ஒரு பக்கம். ஒற்றுப் பிழை இரண்டு, பன்மைப் பிழை ஒன்று. பத்து நிமிட வேலை. ஆனால் பழைய அப்பாயி நினைவுக்கு வந்துவிட்டார். அறிவித்தலை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். ஐந்து வீடுகளில் வாசித்துக் காட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"நிலத்தில் வெடிப்பு ஏற்பட்டால் உடனே வெளியேறவும்" என்று இருந்தது. ஓர் இளம் தாய் கேட்டார்: "சத்தம் பெரிசா கேக்குமா சார்? ராத்திரி தூங்கிட்டா கேக்காதே?" எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகுதான் திடுக்கிட்டேன். எனக்கு வெடிப்பு என்றால் பித்தவெடிப்பு, பிளவு. குண்டுவெடிப்புச் செய்திகளைக் கேட்டே வளர்ந்த அந்தப் பெண்ணுக்கு வெடிப்பு என்றால் ஓசை. மலை வெடிக்கும், சத்தம் கேட்கும், அப்போது ஓடலாம் என்று அவர் காத்திருப்பார். வெடிப்பு என்பதை அடித்துவிட்டு, "தரையிலோ சுவரிலோ புதிதாகக் கீறல் விட்டால்" என்று எழுதினோம். மரங்கள் சாய்வதும், இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புவதும், தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குவதும் கூட அறிகுறிகள்தாம். அவை எல்லோருக்கும் எளிதாக விளங்கின. ஏனென்றால் அவற்றை அவர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள்.

"உயரமான இடத்துக்குச் செல்லவும்" என்று ஒரு வரி. வெள்ளத்துக்கு எழுதிய அறிவித்தலிலிருந்து அப்படியே வந்து விழுந்திருக்க வேண்டும். லயத்துக்குப் பின்னால் இருக்கும் உயரமான இடம், சரியப்போகிற அதே மலைதான்!

அடுத்து மழை அளவு. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில், 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் எச்சரிக்கை. 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 தாண்டினால், வெளியேற வேண்டும். ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே, "மில்லிமீற்றர்னா எத்தன போத்தலுங்க வாத்தியாரய்யா?" என்றார். பதில் சொன்னது ஒரு பள்ளிக்கூடப் பையன். அவன் பையில் பதினைந்து சென்ரிமீற்றர் அடிமட்டம் இருந்தது. பதினைந்து சென்ரிமீற்றர் என்றால் 150 மில்லிமீற்றர். நேரான சுவருள்ள டின் ஒன்றை வெட்டவெளியில் வைத்தால், அதன் வாய் அகலம் எவ்வளவாக இருந்தாலும், தேங்கிய நீரின் ஆழமே மழையின் அளவு. அடிமட்டத்தில் பாதி நனைந்தால் விழித்திரு. முழுதும் நனைந்தால் வெளியேறு. ஒரே மணித்தியாலத்தில் பாதி நனைந்தாலும் வெளியேறு. காலையில் ஒரே நேரத்தில் அளந்து கொட்டிவிட வேண்டும். இவ்வளவுதான்.

அதையும் சோதித்தோம். அடிமட்டத்தில் பூச்சியம் நுனியிலேயே தொடங்குவதில்லை. சிறிது வெற்றிடம் விட்டே தொடங்குகிறது என்பதைக் கண்டுபிடித்தவனும் அதே பையன்தான். அந்த வெற்றிடம் கணக்கில் வராவிட்டால் மழை குறைவாகத் தெரியும். நுனியைச் சீமெந்துத் தரையில் பூச்சியம் வரை உரசித் தேய்த்தான்.

கடைசி வரி: "பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்." நான்கு வீடுகளில் தலையாட்டினார்கள். ஐந்தாவது வீட்டில் ஒரு கிழவி, என்னுடைய பழைய அப்பாயியின் வயதிருக்கும், என்னையே பார்த்துக் கேட்டார்: "போகச் சொல்றீங்க. எங்க போறது?"

நேயர்களே, அந்த வரியை என்னால் திருத்த முடியவில்லை. என்னிடம் இருந்த தமிழ் முழுவதையும் போட்டாலும் அது திருந்தாது. ஏனென்றால் பிழை எழுத்தில் இல்லை. போவதற்கு இடம் இல்லை. மீரியபெத்தை மக்கள் ஏன் போகவில்லை என்று கேட்டவர்களுக்கான பதிலில் ஒரு பகுதியாவது அந்தக் கிழவியின் கேள்வியில் இருக்கிறது. காணி இல்லை, வேறு வீடு இல்லை, தோட்டத்தை விட்டால் பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. இதெல்லாம் அறிவித்தல் எழுதியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அல்லது எழுதிய பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

நான் அந்த வரியை அடித்துவிட்டு, "போக வேண்டிய இடம்" என்று எழுதி, அதன் பக்கத்தில் ஒரு நீண்ட வெறுங்கோடு போட்டு அலுவலகத்துக்குத் திருப்பிக் கொடுத்தேன். "இது என்ன, முடிக்காமல் கொடுத்திருக்கிறீர்கள்?" என்றார்கள். "முடிக்க வேண்டியது நீங்கள்தான்" என்றேன். பல கடிதங்களுக்கும் கூட்டங்களுக்கும் பிறகு அந்தக் கோட்டின் மேல் ஒரு பெயர் ஏறியது: எதிர்மேட்டில் இருக்கும் பாடசாலை மண்டபம். ஒரு மழை இரவில் நடந்து பார்த்தோம். வயதானவர்களோடு அரைமணி நேரம் எடுத்தது. போய்ச் சேர்ந்தால் மண்டபம் பூட்டியிருக்கிறது. காவல்காரர் ஊருக்குப் போய்விட்டார். அறிவித்தலில் இன்னொரு வரி சேர்ந்தது: சாவி யார் வீட்டில், எந்த ஆணியில் தொங்குகிறது என்று.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது பதுளை மாவட்டத்திலும் பல இடங்களில் மண் சரிந்தது. எங்கள் லயத்துக்கு மேலே மலை சரியவில்லை. ஆகவே அந்த ஒரு பக்கத் தாள் உயிர் காத்தது என்று பெருமை பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் டின் நிறைய நிறைய யாரோ ஒரு பிள்ளை அடிமட்டத்தை இறக்கிப் பார்த்ததும், யாரும் அதட்டாமலேயே சாவி ஆணியிலிருந்து இறங்கியதும் எனக்குத் தெரியும். லயத்து மக்களுக்குக் காணியும் வீடும் கிடைக்கிற நாளில் அந்தத் தாள் தேவைப்படாது. அதுவரை அது சுவரில் இருக்கட்டும்.

உங்கள் தாளை மறந்துவிட்டேன். எதிர்ப்பக்கத்து மூலைகள் இரண்டையும் நடுக்கோட்டைத் தொடும்படி உள்ளே மடியுங்கள். இப்போது வீட்டு முகடு மாதிரித் தெரியும். சாய்ந்த அந்த ஓரங்கள் இரண்டையும் மீண்டும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். இப்போது ஈட்டி முனை மாதிரி இருக்கும். மடித்தவை உள்ளே மறையும்படி, நடுக்கோட்டில் தாளை மூடுங்கள். இனி ஒவ்வொரு பக்கத்திலும் மேலே இருக்கும் சாய்ந்த ஓரத்தை வெளிப்பக்கமாக இறக்கி, அடிமடிப்போடு பொருத்துங்கள். அவைதாம் இறக்கைகள். பிடித்து, மெல்ல விடுங்கள்.

பறக்காவிட்டால், எந்த வரியில் தடுமாறினீர்கள் என்று ஓர் அஞ்சலட்டை எழுதிப் போடுங்கள். அந்த வரியைத் திருத்திக்கொள்கிறேன்.